ஃபேர்லிக்கும் ராதருக்கும் நடுவே ஒரு கார்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் நர்சுகளுக்காக ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று மேட்ரன் கேட்டபோது, எனக்கு என்ன இருக்கிறது எழுத என்றுதான் முதலில் தோன்றியது. ஊசி போடுவதையும் கட்டுக் கட்டுவதையும் என்னைவிட உங்கள் பாடப்புத்தகம் நன்றாகச் சொல்லும். எங்கள் காலத்து மருந்துகள் பாதிக்கு மேல் இன்று அலமாரியிலேயே இல்லை. அதனால் இரண்டே இரண்டு இங்கிலீஷ் வார்த்தைகளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். சிரிக்காமல் படியுங்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு பெண்ணின் உயிர் ஊசலாடியதை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன்.

ஒரு வார்த்தை 'ஃபேர்லி'. இன்னொன்று 'ராதர்'. எனக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்த கன்னியாஸ்திரி இரண்டுக்கும் 'ஓரளவு' என்றுதான் அர்த்தம் சொன்னார். அகராதியும் ஏறக்குறைய அதையே சொன்னது. நானும் இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பேசிக்கொண்டிருந்தேன், யாரும் என்னைத் திருத்தவில்லை. தர்மபுரிப் பக்கம் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் வினை வந்தது.

அங்கே பெரிய டாக்டர் ஒரு வெள்ளைக்கார அம்மாள். எல்லோரும் டாக்டரம்மா என்போம். கை ராசியானவர், ஆனால் தமிழ் வராது. 'வலி', 'தண்ணி', 'பயம் வேண்டாம்' என்று பத்துப் பன்னிரண்டு சொற்களை வைத்துக்கொண்டு காலத்தை ஓட்டினார். மற்றதற்கெல்லாம் நாங்கள்தான் வாய். காலையில் அவர் வார்டைச் சுற்றி வரும்போது ஒவ்வொரு கட்டிலுக்கும் ஒரு நர்சு ஒரே ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். கட்டிலில் தொங்கும் சார்ட்டை அதற்குப் பிறகுதான் பார்ப்பார். இது அவர் வைத்திருந்த பழக்கம். 'ஃபேர்லி' என்று நாங்கள் ஆரம்பித்தால் தலையை ஆட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார். 'ராதர்' என்றால் அங்கேயே நின்று கழுத்தில் இருக்கும் ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றுவார். இரண்டும் ஒன்றுதானே, இந்த அம்மாள் ஏன் சில இடத்தில் நிற்கிறார், சில இடத்தில் போகிறார் என்று எனக்குப் புரியவே இல்லை.

ஒருநாள் பிறந்த குழந்தையைக் குளிப்பாட்ட வெந்நீர் கொண்டுபோனேன். எப்படி இருக்கிறது என்று கேட்டார். "ஃபேர்லி ஹாட், டாக்டர்" என்றேன். முழங்கையை விட்டுப் பார்த்துவிட்டு, இல்லை, ராதர் ஹாட் என்று ஒதுக்கி வைத்தார். பிறகு அதே பாத்திரத்தில் தன் இரண்டு கையையும் விட்டுக் கழுவிக்கொண்டே, குழந்தைக்கு ராதர், என் கைக்கு இது ஃபேர்லி ஹாட் என்றார். நான் விழித்தேன். தண்ணீர் எவ்வளவு சூடு என்று தெர்மாமீட்டர் சொல்லிவிடும், அந்தச் சூடு உனக்குச் சம்மதமா இல்லையா என்பதைத்தான் இந்த வார்த்தை சொல்கிறது என்று பொறுமையாக விளக்கினார். இவ்வளவு இருக்கிறது, இருக்கட்டும் என்றால் ஃபேர்லி. இவ்வளவு இருக்கிறது, எனக்கு இது பிடிக்கவில்லை என்றால் ராதர். அன்றைக்கு எனக்கு விஷயம் விளங்கியது. அதோடு பயமும் வந்தது. இத்தனை நாள் நான் யார் யார் தலையில் எந்த வார்த்தையை வைத்தேனோ என்ற பயம்.

இதில் நம் ஊர்க்காரர்களின் பங்கையும் சொல்ல வேண்டும். நம் பக்கத்தில் நோயாளியின் காதுபட யாரும் 'மோசம்' என்று சொல்ல மாட்டார்கள். சொன்னால் அதுவே பலித்துவிடும் என்று பயம். கேட்டால் எல்லோருக்கும் ஒரே பதில்தான், 'தேவலைங்க'. மலையிலிருந்து வருகிறவர்கள் இன்னும் மோசம், காலில் எலும்பு தெரிந்தால்கூட 'கொஞ்சம் அடிபட்டுதுங்க' என்பார்கள். என் வார்டில் செத்துக்கொண்டிருந்தவர்கள்கூடத் தேவலையாகத்தான் இருந்தார்கள். அந்தத் தேவலையை எடுத்து டாக்டரம்மாவிடம் ஃபேர்லி என்று கொடுப்பதா, ராதர் என்று கொடுப்பதா என்பது எங்கள் தலையெழுத்து.

நாங்கள் எல்லோரும் ஃபேர்லியில்தான் போய் ஒளிந்துகொண்டோம். அதற்கு ஒரு காரணம் இருந்தது. எங்களில் ஒரு நர்சு, ஒரு பெரிய மனிதருக்கு வந்த வயிற்று வலியைப் பார்த்துப் பதறி, 'ராதர் பேட்' என்று ஆளனுப்பி, தொப்பூர்க் கணவாயைத் தாண்டிச் சேலத்துக்குப் போய்க்கொண்டிருந்த டாக்டரம்மாவைத் திருப்பி வரவழைத்துவிட்டாள். வந்து பார்த்தால் அந்தப் பெரிய மனிதர் முழுப் பலாப்பழம் ஒன்றைத் தனியாளாகத் தின்றிருந்தார். யுத்த காலம், பெட்ரோலுக்குக் கூப்பன். டாக்டரம்மா திட்டவில்லை. "தேங்க் யூ, நர்ஸ்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு போனார். அந்தத் தேங்க் யூவைக் கேட்டவர்கள் யாரும் அதற்கப்புறம் ராதர் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன். பாப்பாரப்பட்டிச் சந்தை நாள். சந்தை அன்று டாக்டரம்மா காரில் அங்கே போய், ஒரு புளியமரத்தடியில் மேசை போட்டு நோயாளிகளைப் பார்ப்பது வழக்கம். பெட்ரோல் தட்டுப்பாடு வந்த பிறகு எல்லாச் சந்தைக்கும் போக முடியவில்லை. அதற்கு முந்தின முறையும் டயர் வெடித்துப் பாதி வழியில் திரும்பிவிட்டார். மலைக்காய்ச்சல் கடுமையாக இருந்த சமயம் அது. இந்த முறை எப்படியும் போயாக வேண்டும் என்று மருந்துப் பெட்டியெல்லாம் காரில் ஏற்றியாகிவிட்டது. அந்தக் காரோ நாலு பேர் தள்ளினால்தான் உயிர் பெறும். தள்ளி, உயிர் வந்து, வாசலில் உறுமிக்கொண்டு நின்றது.

அன்று விடிந்த வேளையில் வத்தல்மலையிலிருந்து வெள்ளச்சி என்ற பெண்ணை டோலி கட்டித் தூக்கி வந்திருந்தார்கள். தலைப்பிரசவம். கூட அவள் புருஷனும் மாமியாரும். டாக்டரம்மா பார்த்துவிட்டு, எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, இன்னும் நேரமாகும், நான் போய்த் திரும்பி வந்துவிடலாம் என்று சொல்லியிருந்தார். கிளம்புவதற்கு முன் கடைசியாக ஒருமுறை பார்த்துவிட்டு வந்து சொல் என்று என்னை அனுப்பினார்.

நான் உள்ளே போனேன். மாமியார்க்காரி கட்டிலின் தலைமாட்டில் நின்றிருந்தாள்.

"எப்படி இருக்குது ஆயா?"

"தேவலைங்க தாயி. வலி வருது, போவுது. தேவலை."

வெள்ளச்சியைக் கேட்டேன். உதட்டைக் கடித்துக்கொண்டு, "கொஞ்சந்தாங்க நோவுது" என்றாள்.

நாடி பார்த்தேன். சற்று வேகம்தான், பிரசவ வலியில் யாருக்கும் இருக்கிற வேகம். காய்ச்சல் இல்லை. சார்ட்டில் எழுதுவதற்கு ஒரு குறையும் இல்லை. வெளியே டிரைவர் ஹாரன் அடித்தார். ஃபேர்லி வெல் என்று சொல்லிவிட்டால் என் வேலை முடிந்தது. திரும்பினேன்.

வாசற்படி ஓரத்தில் அவர்கள் கொண்டுவந்த களி மூட்டை அவிழ்ந்து கிடந்தது. யாரும் சாப்பிடவில்லை, உருண்டைகளில் ஈ மொய்த்தது. பக்கத்தில் டோலிக் கயிறு ஒரு முடிச்சு விடாமல் அவிழ்த்துக் குவித்துப் போட்டிருந்தது. புருஷன்காரன் வராந்தாவில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தான். வரும்போது குடுமி முடிந்திருந்தவன், இப்போது தலைவிரி கோலமாக இருந்தான். நான் அங்கேயே நின்றுவிட்டேன். அப்போது மாமியார் சுவரோரத்து மருந்து அலமாரியையும் என் இடுப்பில் தொங்கிய சாவிக்கொத்தையும் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்.

"தாயி, அந்த அலமாரிப் பூட்ட மட்டும் கொஞ்சம் தொறந்து வுடறீங்களா?"

"எதுக்கு ஆயா?"

"சும்மாத்தான். தேவலைங்க, ஒண்ணுமில்ல. தொறந்து வுடுங்க தாயி."

நான் பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கத்தில் ஒரு குடியானவர் வீட்டுப் பெண். நாங்கள் வேதக்காரர்கள், ஞாயிறு தவறாமல் மாதா கோயில் பூசைக்குப் போகிறவர்கள். ஆனால் என் சித்தி பிரசவத்தில் கிடந்தபோது என் அம்மா என்ன செய்தாள் தெரியுமா? வீட்டில் இருந்த பெட்டி, பானை எல்லாவற்றையும் திறந்தாள். கட்டியிருந்த மாடுகளை அவிழ்த்து விட்டாள். சித்தப்பாவின் இடுப்பு வேட்டி முடிச்சைக்கூட அவிழ்க்கச் சொல்லி ஓடிப்போய்ச் சண்டை போட்டாள். வீட்டில் ஒரு முடிச்சு இருந்தால் வயிற்றிலும் ஒரு முடிச்சு விழும் என்பது கணக்கு. சாமியார் திட்டுவார். அம்மா அவரிடமே போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு, அடுத்த பிரசவத்தில் மறுபடி அவிழ்ப்பாள். ஆனால் ஒன்று, எல்லாப் பிரசவத்துக்கும் அவள் அப்படிச் செய்ததில்லை. வலி ஒழுங்காக வந்தால் அடுப்படியில் வெந்நீர் வைத்துக்கொண்டு ஊர்க்கதை பேசிக்கொண்டிருப்பாள். கை முடிச்சுக்குப் போனால் அவளுக்கு நம்பிக்கை போய்விட்டது என்று அர்த்தம். சித்தி அன்றைக்குப் பிழைக்கவில்லை.

நான் அலமாரியைத் திறந்து வைத்தேன். மருந்து அலமாரியைத் திறந்து போட்டுவிட்டுப் போவது வேலை போகிற குற்றம். போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினேன்.

அந்த வராந்தா அவ்வளவு நீளம் என்று அதுவரைக்கும் எனக்குத் தெரியாது. போகப் போக மனசுக்குள் ஒரே வாக்குவாதம். என்ன அத்தாட்சி வைத்திருக்கிறாய்? ஒருத்தன் குடுமியை அவிழ்த்துவிட்டான் என்பதை இங்கிலீஷில் எப்படிச் சொல்வாய்? பாப்பாரப்பட்டியில் ஜனம் போன தடவையே ஏமாந்து திரும்பியது. பலாப்பழக் கதையாகிவிட்டால் உன் கதி என்ன? டாக்டரே பார்த்துவிட்டுச் சரி என்று சொன்ன பிறகு நீ யார்? ஃபேர்லி என்று சொல். ஏதாவது ஆனால் சார்ட் இருக்கிறது, உன்னை யாரும் கேட்க மாட்டார்கள்.

டாக்டரம்மா கார் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"ராதர் டயர்ட், டாக்டர்" என்றேன்.

"ராதர்?"

"ராதர்."

நாடி எவ்வளவு என்று கேட்டார். சொன்னேன். அது ஒன்றும் இல்லையே என்றார். காய்ச்சலைக் கேட்டார். இல்லை என்றேன். என் முகத்தைப் பார்த்து, இதை யார் சொல்வது, சார்ட்டா, நீயா என்று கேட்டார்.

"நான்தான், டாக்டர்."

அவர் டிரைவரின் தோளைத் தட்டினார். எஞ்சின் நின்றது. தள்ளிவிட்டவர்கள் நாலு பேரும் என்னைப் பார்த்த பார்வை இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

இந்த இடத்தில், அவர் உள்ளே வந்ததும் ஆபத்தைக் கண்டுபிடித்தார், எல்லோரும் என்னைப் புகழ்ந்தார்கள் என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி நடக்கவில்லை. அவர் நிதானமாகப் பரிசோதித்தார். எழுந்து, இப்போதைக்கு ஃபேர்லி குட் என்றார். திறந்து கிடந்த மருந்து அலமாரியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான்தான் திறந்தேன் என்றேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை. தொப்பியைக் கழற்றி ஜன்னலில் வைத்துவிட்டு, ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

நான் பயந்தேன். இத்தனை வருஷ வேலையில் அந்தக் காலைப்பொழுதைப் போல நான் பயந்தது இல்லை. டிரைவர் வராந்தாவில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். என்னைக் கண்டால் நின்று, "ஏம்மா, போறமா இல்லையா? அங்க ஜனம் வெயில்ல காஞ்சு கெடக்கும். புள்ளைங்கள வேற தூக்கினு வந்திருப்பாங்க" என்பார். எனக்கு அது தெரியாதா? வெயில் ஏற ஏற அந்தப் புளியமரத்தடிதான் என் கண்ணில் நின்றது. வெள்ளச்சி நன்றாகப் பெற்று எழுந்துவிட்டால் நான் தொலைந்தேன். ஏதாவது ஆனால்தான் நான் சொன்னது சரியாகும் என்று ஒரு கணம் மனசு கணக்குப் போட்டது. அந்தக் கணக்கைப் போட்டதற்காக என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

மாமியார் தன் ரவிக்கையின் முடிச்சையும் அவிழ்த்துவிட்டுச் சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நின்றாள். இனி அவிழ்க்க அவளிடம் ஒன்றும் இல்லை.

உச்சிப்பொழுது நெருங்கும்போது வெள்ளச்சியின் முனகல் சட்டென்று நின்றது. முகம் தெளிந்தது. நான் கேட்காமலேயே, "இப்பத் தேவலைங்க. வலி நின்னுபோச்சு" என்றாள். எனக்கு நிம்மதியாகப் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். பிள்ளை பிறக்காமல் வலி மட்டும் நிற்பது என்றால் என்ன என்று உங்கள் புத்தகத்திலும் இருக்கும். என்ன சொல்கிறாள் என்று டாக்டரம்மா கேட்டு முடிப்பதற்குள் அவர் கை வயிற்றுக்குப் போய்விட்டது. அவர் முகம் மாறியதைப் பார்த்ததும் நான் கருவிகளைக் கொதிக்க வைக்க ஓடினேன்.

அறுவை சிகிச்சையைப் பற்றி எழுதி உங்களைச் சோதிக்கப் போவதில்லை. கர்ப்பப்பை கிழிய ஆரம்பித்திருந்தது. பெண் குழந்தை, நீலம் பாரித்து வெளியே வந்தது, வெகுநேரம் கழித்து அழுதது. தாயும் பிழைத்தாள். டாக்டர் பாப்பாரப்பட்டி ரோட்டில் இருந்திருந்தால் இரண்டு பேரும் இல்லை. சாயங்காலம் மாமியாரிடம் போய், மருமகள் எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். "கொஞ்சம் சோந்து கெடக்கறா தாயி" என்றாள் அந்த மகராசி, முகத்தில் ஒன்றும் காட்டாமல். ஆனால் கை களி மூட்டையை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது, அலமாரியைப் பூட்டுகிற சாக்கில் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கையைக் கழுவும்போது டாக்டரம்மா, நீ அங்கே எதைப் பார்த்தாய் என்று கேட்டார். முடிச்சுகளைப் பற்றி எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். சிரிக்காமல் கேட்டார். அதன் பிறகு அவர் வார்டைச் சுற்றும்போது, நோயாளியைப் பார்ப்பதற்கு முன் கூட வந்தவர்களின் கையைப் பார்ப்பதை நான் கவனித்தேன்.

நீங்கள் இன்று 'நார்மல்' என்கிறீர்கள், 'ஸ்டேபிள்' என்கிறீர்கள். நல்ல வார்த்தைகள்தான். ஆனால் அவற்றுக்குள் புகுந்து ஒளிந்துகொள்ளாதீர்கள். எண்களை மெஷின் சொல்லட்டும். அந்த எண் உங்களுக்குச் சம்மதமா இல்லையா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். சொன்னால் பழி உங்கள் மேல் வரும். பல தடவை அது பலாப்பழமாகத்தான் முடியும். எனக்கும் பின்னால் முடிந்திருக்கிறது, அந்தத் தேங்க் யூவை நானும் வாங்கியிருக்கிறேன். வாங்கிக்கொள்ளுங்கள், உயிர் போய்விடாது.

இதோடு முடித்தால் நான் ஏதோ ஜெயித்தவள் மாதிரி இருக்கும். இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது.

மறுநாள் காலை டாக்டரம்மா பாப்பாரப்பட்டிக்குக் கிளம்பினார். என்னையும் ஏறச் சொன்னார். சந்தை கலைந்து புளியமரத்தடியில் வெறும் வைக்கோலும் சாணமும்தான் கிடந்தன. நேற்று வந்தவர்கள் எத்தனை பேர், யார் யார், எந்த ஊருக்குத் திரும்பிப் போனார்கள், அவர்களுக்கு என்ன ஆயிற்று, எதுவும் எனக்கு இன்று வரை தெரியாது. அதை நினைத்தால் இப்போதும் மனசு ஒரு மாதிரி ஆகிவிடும்.

ஒரே ஒரு பெண் மட்டும் மரத்தடியில் இருந்தாள். மடியில் மகனைக் கிடத்தியிருந்தாள். காய்ச்சலில் அவன் உதடு வெடித்திருந்தது. பக்கத்தில் மூன்று கல் கூட்டிக் கஞ்சி காய்ச்சிய சாம்பல். விரித்துப் படுத்திருந்த பழஞ்சேலை பனியில் நனைந்து கிடந்தது. காரைக் கண்டதும் அவள் பதறி எழுந்து, மகனைத் தோளில் போட்டுக்கொண்டாள். அந்தப் பிள்ளை எங்கள் காரிலேயே ஆஸ்பத்திரிக்கு வந்தான், பிழைத்தான் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், நீங்கள் கவலைப்பட வேண்டாம்.

எவ்வளவு நேரமாகக் காத்திருக்கிறாள் என்று கேட்கச் சொன்னார் டாக்டரம்மா. கேட்டேன்.

"கொஞ்ச நேரந்தாங்க ஆச்சு" என்றாள் அவள். "இப்பத்தான் வந்தமுங்க."

டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார். அவள் சொன்னதை அப்படியே சொல்லியிருந்தால் எல்லோருக்கும் நல்லது. அவருக்கும் மனசு லேசாகும், எனக்கும் லேசாகும். அந்தப் பெண்ணும் அதைத்தான் விரும்பினாள்.

"ராதர் எ லாங் டைம், டாக்டர்" என்றேன்.

அவர் சாம்பலைப் பார்த்தார், நனைந்த சேலையைப் பார்த்தார். பிறகு அந்தப் பெண்ணிடமிருந்து மகனைக் கைநீட்டி வாங்கிக்கொண்டு, தனக்குத் தெரிந்த தமிழையெல்லாம் கூட்டிச் சேர்த்து, "கொஞ்சம் இல்லை, அம்மா" என்றார்.